உங்களுக்குத் தெரியுமா? உப்புக்காற்றும் தங்கரேக்கும்

தஞ்சாவூர் ஓவியத்தில் மினுங்குவது மஞ்சள் சாயமல்ல, தங்கரேக்கு. பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்த மக்கால் நகைகளையும் தூண்களையும் மேடாக்குகிறார்கள். கற்களைப் பதித்து, ரேக்கை மேலே வைத்து, மழுங்கிய குச்சியால் ஓரம் ஓரமாக அழுத்தினால் ஒவ்வொரு மணியும் எழும்பி நிற்கும். பார்க்கப் பார்க்கச் சலிக்காத வேலை அது! மராட்டியர் காலத்தில் செழித்த இக்கலைக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

கீழவாஞ்சூர் போன்ற கடலோர ஊர்களில் கெட்டி அட்டையில் இம்முறையைச் செய்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பித்தளை கலந்த போலி ரேக்கு உப்புக்காற்றில் கறுத்துவிடும், தங்கம் கறுக்காது. போலி ரேக்குதான் கைக்கு எட்டுகிறது என்றால், காய்ந்ததும் வார்னிஷ் பூசி, கண்ணாடிச் சட்டம் போட்டுவிடுங்கள்.