நீலகிரித் தைலம்: பயன் அறிவோம், ஆபத்தும் அறிவோம்

மழைக்காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது நீலகிரித் தைலம்தான். ஊட்டிக்குச் சென்று திரும்புபவர்கள் வர்க்கியோடு ஒரு பாட்டில் தைலமும் வாங்கி வருவது வழக்கம். மூக்கடைப்பு, தலைவலி, மூட்டுவலி என எல்லாவற்றுக்கும் இதையே எடுக்கிறோம். ஆனால் இதைப் பற்றி நாம் அறியாதது நிறைய.

எப்படிக் கிடைக்கிறது?

பெயர் நீலகிரியாக இருந்தாலும் மரம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. யூக்கலிப்டஸ் எனப்படும் இம்மரத்தை 1843-ல் ஆங்கிலேயர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்தனர். பின்னர் விறகுக்காக ஏராளமாக நடப்பட்டது. இதன் இலைகளை நீராவியில் வேகவைத்து, வெளிவரும் ஆவியைக் குளிரவைத்தால் தண்ணீரின் மேல் தைலம் மிதக்கும். அதைத் தனியே பிரித்தெடுக்கிறார்கள்.

என்ன பயன்?

தைலத்தின் மணத்துக்கும் குணத்துக்கும் காரணம் அதிலுள்ள சினியோல் என்னும் பொருள். முகரும்போது மூக்கில் குளிர்ச்சி பரவி, மூச்சு எளிதாவது போன்ற உணர்வைத் தருகிறது. ஆனால் சளிக்குக் காரணமான கிருமியை இது ஒழித்துவிடாது. தேங்காய் எண்ணெயில் சில சொட்டுகள் கலந்து தேய்த்தால் உடல்வலிக்கு இதமாக இருக்கும். கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பசையை நீக்கவும் உதவும்.

கவனிக்க வேண்டியவை

- சர்க்கரையில் சொட்டுவிட்டு உள்ளுக்குக் கொடுக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். ஒரு டீஸ்பூன் அளவே சிறு குழந்தைக்கு மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறலை உண்டாக்கலாம்.
- கைக்குழந்தைகளின் மூக்கிலோ முகத்திலோ தடவக் கூடாது.
- வலிப்பு நோய் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு இதன் நெடி மூச்சிரைப்பைத் தூண்டும்.
- கலக்காமல் அப்படியே பூசினால் தோல் எரியும். கண்ணில் படக் கூடாது.
- எளிதில் தீப்பற்றும். அடுப்பருகே வைக்காதீர்கள்.

குழந்தை குடித்துவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தைலம் நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்கவும் வேண்டாம். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்றே நம் வீட்டுத் தைல பாட்டில் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். தலையணைக்கு அருகில் இருந்தால், மூடியை இறுக்கி அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிவிடுவோம்.