இழைமணிவழிக் கேள்திறன் இழப்பு

இழைமணிவழிக் கேள்திறன் இழப்பு என்பது, உயிரணுக்களினுள் அமைந்துள்ள இழைமணிகளின் (மைட்டோகாண்ட்ரியா) மரபணுவில் நிகழ்ந்த மாற்றத்தால் உண்டாகி, தாய்வழியாக மட்டும் அடுத்த தலைமுறைக்குச் செல்லும் காது கேளாமை ஆகும். இவ்வகை மாற்றங்களுள் நன்கு அறியப்பட்டது ஏ1555ஜி எனப்படுவதாகும். இம்மாற்றம் உடையவர்களுக்கு அமினோகிளைக்கோசைடு வகை நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகள் வழக்கமான அளவில் தரப்பட்டாலும், இரு காதுகளின் கேள்திறனும் மீளாதவாறு குறையக்கூடும். மரபுவழிக் காது கேளாமைகளுள், முன்கூட்டியே அறிந்தால் பெருமளவு தவிர்க்கக்கூடிய மிகச் சிலவற்றுள் இதுவும் ஒன்று.

தொடர்புடைய மருந்துகள்

ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிக்காசின், கனமைசின், டோப்ராமைசின், நியோமைசின் ஆகியவை அமினோகிளைக்கோசைடு குழுவைச் சேர்ந்தவை. இவற்றுள் பல ஊசி மூலமே உடலுக்குள் செலுத்தப்படுகின்றன. இக்குழுவின் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின், 1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரட்கர்சு பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் சாட்சு என்பவரால் மண்வாழ் பாக்டீரியா ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அந்தப் பாக்டீரியா ஸ்ட்ரெப்டோமைசிசு பேரினத்தைச் சேர்ந்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கும்போது எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோசுமின் என்னும் வேதிப்பொருளை உருவாக்குவதும் பெரும்பாலும் இப்பேரினமே.

காசநோய்க்கு எதிராகப் பயன்தந்த முதல் நுண்ணுயிர் எதிர்ப்பி ஸ்ட்ரெப்டோமைசின் ஆகும். எனினும், அது கேள்திறனையும் உடலின் சமநிலையையும் பாதிக்கும் என்பதை மருத்துவர்கள் 1940களிலேயே கண்டனர். நெடுநாள் அல்லது மிகுந்த அளவில் தரப்படும்போதும், சிறுநீரகம் பழுதுற்றிருக்கும்போதும் இம்மருந்துகள் எவருடைய காதையும் பாதிக்கலாம். ஏ1555ஜி மாற்றம் உடையவர்களுக்கோ, குருதியில் மருந்தின் அளவு சரியான வரம்புக்குள் இருந்தாலும் பாதிப்பு நேரலாம்.

பாதிப்பு நிகழும் முறை

இழைமணிகள் உயிரணுவுக்கு வேண்டிய ஆற்றலை உருவாக்குகின்றன. இவை தொல்பழங்காலத்தில் வேறோர் உயிரணுவினுள் புகுந்து தங்கிவிட்ட பாக்டீரியாவின் வழித்தோன்றல்கள் எனக் கருதப்படுகிறது. இவற்றுக்கெனத் தனியாக 16,569 இணைகள் கொண்ட டி.என்.ஏ.வும், அதில் 37 மரபணுக்களும், புரதம் உருவாக்கும் ரைபோசோம்களும் உள்ளன.

அமினோகிளைக்கோசைடுகள் பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு, புரத உருவாக்கத்தைப் பிழையாக்கி அதனைக் கொல்கின்றன. மனித இழைமணியின் ரைபோசோம் சற்றே வேறுபட்ட வடிவுடையதாதலால், மருந்து அதில் எளிதில் ஒட்டுவதில்லை. 1555ஆம் இடத்தில் அடினினுக்குப் பதிலாகக் குவானின் அமையும்போது அவ்விடம் பாக்டீரியாவின் வடிவை ஒத்துவிடுகிறது. எனவே பாக்டீரியாவைத் தாக்க வேண்டிய மருந்து நோயாளியின் இழைமணியையும் தாக்குகிறது.

உட்செவியின் நத்தைச்சுருளில் உள்ள மயிர் உயிரணுக்கள் ஒலி அதிர்வை நரம்புக் குறிப்பாக மாற்றுகின்றன. மருந்து இவ்வுயிரணுக்களுக்குள் புகுந்து நெடுநாள் தங்குகிறது. மனிதரில் இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. முதலில் உயர் அதிர்வெண் ஒலிகளும், பின்னர் பேச்சொலிகளும் கேட்காமல் போகின்றன.

மரபுரிமை முறை

1989இல் ஜப்பானிலிருந்தும் 1991இல் சீனாவிலிருந்தும் வெளிவந்த ஆய்வுகள், ஸ்ட்ரெப்டோமைசினால் நேரும் காது கேளாமை சில குடும்பங்களில் தாய்வழியாகத் தொடர்வதைக் காட்டின. ஏ1555ஜி மாற்றமே இதற்குக் காரணம் என்பது 1993ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது.

குழந்தை தன் இழைமணிகளைத் தாயின் கருமுட்டையிலிருந்தே பெறுகிறது. ஆதலால் இம்மாற்றம் உடைய பெண்ணின் ஆண், பெண் குழந்தைகள் அனைவருக்கும் அது செல்கிறது. ஆண் தன் பிள்ளைகளுக்கு இதனைக் கொடுப்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு இம்மாற்றம் இருப்பின் அவருடைய தாய், ஆச்சி (தாயின் தாய்), தாய்மாமன், தாயுடன் பிறந்த பெரியம்மா, சித்தி, அவர்தம் பிள்ளைகள் ஆகியோருக்கும் அது இருக்கும் எனக் கொள்ளலாம். தாய்மாமனின் பிள்ளைகளுக்கு அவர் வழியாக அது வருவதில்லை.

மாற்றம் உடைய அனைவரும் கேள்திறன் இழப்பதில்லை. சிலர் முதுமைவரை நன்கு கேட்கின்றனர். சிலர் மருந்து ஏதுமின்றியே கேள்திறன் இழக்கின்றனர்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் பிறவிக் காது கேளாமைக்கு உறவுத் திருமணமே காரணம் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இம்மாநிலத்தில் ஏறத்தாழ 28 விழுக்காட்டுத் திருமணங்கள் உறவினருக்கிடையே நிகழ்ந்தவை. கனெக்சின் 26 போன்ற, பெற்றோர் இருவரிடமிருந்தும் வரவேண்டிய மரபணு மாற்றங்களைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பொருந்தும். இழைமணி மாற்றத்துக்கு அது பொருந்தாது. ஒரு பெண் தாய்மாமனை மணந்தாலும் அயலாரை மணந்தாலும், அவள் பிள்ளைகள் பெறுவது அவளுடைய இழைமணியையே. இது தாயின் குற்றமும் அன்று; அவரும் தம் தாயிடமிருந்தே இதனைப் பெற்றார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த மரபியல் ஆய்வாளர்கள், தென்னிந்தியக் காதுகேளாதோரிடம் இழைமணி மாற்றங்களைத் தேடிய ஆய்வினை 2016இல் வெளியிட்டனர். இந்திய ஆய்வுகளில் ஏ1555ஜி காது கேளாமையின் அரிய காரணமாகவே காணப்படுகிறது. ஆயினும் அது உள்ள ஒரு குடும்பத்தில் ஆபத்துக்குள்ளாவோர் பலராவர்.

சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. காசநோய்ச் சிகிச்சையில் ஊசி மருந்துகளின் இடம் இப்போது சுருங்கிவிட்டது. மருந்தெதிர்ப்புக் காசநோய்க்குக் கனமைசினைப் பரிந்துரைப்பதை உலக சுகாதார நிறுவனம் 2018இல் கைவிட்டது. வாய்வழி உட்கொள்ளும் மருந்துகளே முதன்மை பெற்றுள்ளன. ஆனால் பச்சிளங் குழந்தைகளின் கடுந்தொற்றுக்கு ஜென்டாமைசினும் அமிக்காசினும் இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன.

தென்காசி வட்டாரம்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஆகிய ஊர்கள் 2019வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, பின்னர் தென்காசி மாவட்டமாகப் பிரிந்த பகுதியைச் சேர்ந்தவை. இவ்வட்டாரத்துக்கு அண்மையிலுள்ள பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவெயின்சன் 1897இல் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளி, இந்தியாவின் பழமையான இத்தகைய பள்ளிகளுள் ஒன்று. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981இல் எஸ். இராமகிருட்டிணன் நிறுவிய அமர் சேவா சங்கம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு இளமையிலேயே பயிற்சி அளித்து வருகிறது.

தடுப்பும் மறுவாழ்வும்

இழந்த கேள்திறனை மீட்கும் மருந்து இல்லை. ஆகவே ஊசி போடுவதற்கு முன் கேட்கப்படும் ஒரு கேள்வி முதன்மை பெறுகிறது: தாய்வழி உறவினருள் எவரேனும் ஊசி போட்டபின் அல்லது இளவயதில் கேள்திறன் இழந்தனரா? ஆம் எனில், மருத்துவரிடம் அதனைக் கூறுதல் வேண்டும். குருதி அல்லது கன்னத்தின் உட்புறத் தோலிலிருந்து எடுக்கும் மாதிரியில் இம்மாற்றத்தைக் கண்டறியலாம். இங்கிலாந்தின் மான்செஸ்டர், லிவர்பூல் நகர மருத்துவமனைகளில் 26 நிமிடங்களில் முடிவு தரும் சோதனை பச்சிளங் குழந்தைகளிடம் பயன்படுத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2022இல் வெளியாயின.

உயிருக்கு ஆபத்தான தொற்றில் இம்மருந்துகள் உயிர் காப்பவை. சோதனைக்காகச் சிகிச்சையைத் தாமதித்தலோ, அச்சத்தால் ஊசியை மறுத்தலோ தகாது. மாற்று மருந்து உண்டா என மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இவ்வகை இழப்பில் செவி நரம்பு பெரும்பாலும் பழுதுறாததால், நத்தைச்சுருள் உள்வைப்புக் கருவி நல்ல பயன் தருகிறது. தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட, தகுதியுள்ள குழந்தைகளுக்கு இவ்வறுவை மருத்துவம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது. குடும்பத்தில் ஒருவருக்கு இம்மாற்றம் உறுதியானால், அவருடைய தாய்வழி உறவினர் அனைவரும் தம் மருத்துவக் குறிப்பேட்டில் அதனைப் பதிந்து வைத்தல் நன்று.

இவற்றையும் பார்க்க: இழைமணி, காசநோய், ஸ்ட்ரெப்டோமைசின், உட்செவி, உறவுத் திருமணம்