ஒரு 'எ' செய்த வேலை!

கடலூர் துறைமுகத்தில் மீன் வாங்கும்போது நான் குழம்பியதே இல்லை. "கிலோவுக்கு எத்தனை சங்கரா நிக்கும்? விலை எவ்வளவு?" அப்பேர்ப்பட்ட ஆள் இங்கிலீஷில் மாட்டிக்கொண்டேன், சார்!

1994-ல் சிதம்பரத்தில் ஒரு வேலைக்கு மனுப் போட்டேன். கொஞ்சம் அனுபவம் உண்டு என்கிற அர்த்தத்தில், 'ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதித் தொலைத்தேன். 'எ லிட்டில்' என்றால்தான் கொஞ்சம் உண்டு. வெறும் 'லிட்டில்' என்றால், இல்லாத குறைதான்! "அனுபவம் இல்லேன்னு நீங்களே எழுதிட்டீங்களே தம்பி" என்று சிரித்தார் அதிகாரி. வேலை கைநழுவியது.

பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் நடராஜர் கோயிலுக்குப் போனேன். பொன்னம்பலக் கூரையைக் காட்டிப் பேரனிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். "ஓடு 21,600. ஒரு நாளைக்கு நாம விடற மூச்சுக் கணக்குன்னு சொல்வாங்க. ஆணி 72,000, நாடிக் கணக்கு."

"தங்கம் எவ்வளவு தாத்தா?" என்றான் பொடியன்.

எனக்குச் சுருக்கென்றது. ஓட்டை எண்ணலாம், அது 'மெனி', 'எ ஃபியூ'. தங்கத்தை நிறுக்கத்தான் முடியும். அது 'மச்', 'எ லிட்டில்'. (ஃபியூவிலும் அந்த 'எ' விட்டுப்போனால் இதே கதிதான்!)

வீட்டுக்கு வந்ததும் அப்பா நாலு அட்வைஸ் கொடுத்தார். இங்கிலீஷில் அட்வைஸை எண்ணக்கூடாதாம். எங்கள் வீட்டில் எண்ணி மாளாது!