முதல் போகாத சீட்டிழுப்பு

கனடாவில், ரெக்ஸ்டேலின் உட்பைன் குதிரைப் பந்தயத் திடல் திறந்தது 1956 ஜூனில். இன்று அதையொட்டி ஒரு கசினோவும் உண்டு. அங்கே தோற்றவரின் பணம் போனது போனதுதான்.

அதே 1956இன் நவம்பரில் பிரிட்டிஷ் அரசு வேறுவகைச் சீட்டிழுப்பொன்றைத் தொடங்கியது. பிரீமியம் பொண்ட் வாங்கியவருக்கு வட்டி இல்லை. எல்லோருக்கும் சேர வேண்டிய வட்டியைத் திரட்டிச் சிலருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பரிசு விழாவிட்டாலும் போட்ட முதல் பத்திரமாக இருக்கும். எதிர்க்கட்சியின் ஹரால்ட் வில்சன் அதை இழிவான சீட்டிழுப்பு என்று ஏசினார். மக்களோ வரிசையில் நின்று வாங்கினார்கள்.

கடன் சங்கங்கள் இதைப் பெரிதாகக் கையிலெடுத்தது எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் மிச்சிகனில். 2009இல் அங்கே எட்டுச் சங்கங்கள் கூடி, சேமிப்பில் இடும் ஒவ்வொரு 25 டொலருக்கும் ஒரு சீட்டு என்றன. ஆண்டிறுதிப் பெரும்பரிசு 1,00,000 டொலர். முதலாண்டிலேயே 11,000க்கும் மேற்பட்டோர் 80 லட்சம் டொலருக்கு மேல் சேமித்தார்கள். லொத்தர் ஆசையைச் சேமிப்புப் பக்கம் திருப்பிவிட்ட கெட்டித்தனம் அது.

கனடாவில் வழி சற்றுச் சுற்று. காசு வாங்கிக்கொண்டு வெறும் அதிர்ஷ்டத்துக்குப் பரிசு கொடுப்பதைக் குற்றவியல் சட்டம் தடுக்கிறது. மாகாண லொத்தர் போன்றவற்றுக்கே விலக்கு. ஆகவேதான் இங்குள்ள பரிசுப் போட்டிகளின் விதிகளில் 'எதையும் வாங்கத் தேவையில்லை' என்ற வரி. சீட்டு விழுந்தவரும் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும்: பன்னிரண்டை நாலால் பெருக்கி, இருபதைக் கூட்டி, எட்டைக் கழி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அரை நிமிட வேலை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது திறமை! பரிசுகள் எத்தனை, அவற்றின் மதிப்பென்ன என்பதையும் போட்டிச் சட்டப்படி முன்கூட்டியே வெளியிட வேண்டும்.

ஊரில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவர்களுக்குக் கடன் சங்கத்தின் அமைப்பு புதிதல்ல. அங்கத்தவரே உரிமையாளர், வைப்பு எவ்வளவானாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. அப்படியென்றால் பரிசுப் பணமும் அங்கத்தவர் பணந்தான். அது எதற்குச் செலவாகிறது என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். சேமிப்பவருக்குச் சீட்டு என்றால் சரி. கடனட்டையை உரசும் தடவைக்கெல்லாம் சீட்டு என்றால், அந்தப் போட்டி யாருடைய நன்மைக்கு என்று கேட்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. கனடாவில் இத்தகைய பரிசுக்குப் பொதுவாக வருமான வரி கிடையாது. "வரியைக் கட்டினால்தான் பரிசு" என்று தொலைபேசியில் ஒருவர் அவசரப்படுத்தினால், அவர் சங்கத்து ஆளல்ல, மோசடிக்காரர்.