கண்ணால் பாதி, காதால் பாதி

முதலில் இருட்டில் தடுமாற்றம் வரும். ரெட்டினைட்டிஸ் பிக்மெண்டோசா என்ற மரபுவழி விழித்திரை நோயில், மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள்தான் முதலில் சாகின்றன. பிறகு ஓரப்பார்வை ஆண்டுக்கணக்கில் சுருங்கிச் சுருங்கி, நடுவில் சிறு வட்டம் மட்டும் மிஞ்சும். சிலருக்கு அதுவும் போய்விடும். ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. இந்த நோயோடு வாழும் அமெரிக்க எழுத்தாளர் ஆண்ட்ரூ லேலண்ட் 2023இல் எழுதிய ‘தி கன்ட்ரி ஆஃப் தி பிளைண்ட்’ என்ற தன்வரலாறு, மறு ஆண்டு புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்றுவரை சென்றது.

அமெரிக்கப் பொது நூலகங்களில் மாதம் ஒருமுறை ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து பேசும் வாசகர் வட்டங்கள் பல உண்டு. பத்துப் பிரதிகளை ஒரே பையில் போட்டு வட்டத்துக்கே இரவல் தரும் நூலகங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஏற்றது லேலண்டின் இந்த நூல். ‘ஐயோ பாவம்’ என்று பேச்சைத் தொடங்க இது இடம் கொடுப்பதில்லை.

வெள்ளைக்கோலோடு ரயிலேறும் ஒருவர் அடுத்த நிமிடமே செல்பேசியில் செய்தி படித்தால், சுற்றியிருப்பவர்கள் அவரைச் சந்தேகப்படுவார்கள். ஆனால் நடுப்பார்வை மட்டும் மிஞ்சியவருக்கு எழுத்து தெரியும், காலடியில் இருக்கும் நாற்காலி தெரியாது. லேலண்டின் நூல் விடாமல் துருவுவது இந்த இடைநிலையைத்தான். தன்னைப் பார்வையற்றவர் என்று சொல்லிக்கொள்ளலாமா, கோலை எப்போது கையில் எடுப்பது, மனைவியும் மகனும் இதை எப்படி ஏற்பார்கள்? கொலராடோவில் லிட்டில்டன் என்ற ஊரிலுள்ள பயிற்சி மையத்துக்கும் அவர் போகிறார். அங்கே ஓரளவு பார்வை உள்ளவர்களும் கண்ணை முழுக்க மறைத்துக்கொண்டுதான் நடக்கவும் சமைக்கவும் கற்கிறார்கள். இருக்கும் பார்வையை உள்ளவரை பயன்படுத்துவதா, இப்போதே அதை நம்பாமல் வாழப் பழகுவதா? ஒரு கூட்டம் முழுவதையும் இந்தக் கேள்விக்கே ஒதுக்கலாம்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பார்வை குறைந்துவரும் ஒருவர் அந்த வாசகர் வட்டத்தில் உட்கார்ந்து பேச முடியுமா?

பெரிய எழுத்துப் பதிப்பு வாங்கி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். விழித்திரையின் நடுப்பகுதி கெட்ட முதியவர்களுக்கு அது உதவும். பார்வைப்பரப்பு சுருங்கியவருக்கோ எழுத்து பெரிதாகப் பெரிதாக ஒரே பார்வையில் அகப்படும் எழுத்துகள் குறையும். படிப்பது இன்னும் மெதுவாகும். அவருக்கு ஒலிநூலோ பிரெயிலோதான் வசதி. ஒலிநூலில் கேட்டு வந்தவரிடம் “112ஆம் பக்கத்தைப் பாருங்கள்” என்றால் அவர் திகைத்துப்போவார். அத்தியாயத்தைச் சொல்லி, முதல் சில சொற்களை வாசித்துக் காட்டினால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிடலாம். பேசுமுன் ஒவ்வொருவரும் பெயர் சொல்லிவிட்டுத் தொடங்குவதும் உதவும். இதற்கெல்லாம் செலவே இல்லை.

கேட்பதும் படிப்புதான் என்பதில் ஐயமே வேண்டாம். பிரிட்டனில் பேராசிரியராக இருந்த ஜான் ஹல், பார்வை முழுவதும் போன பிறகு ஒலிநாடாவில் பேசிப் பதிந்த நாட்குறிப்புகளே 1990இல் ‘டச்சிங் தி ராக்’ என்ற நூலாயின. அமெரிக்காவில் 1931இல் வந்த சட்டம் பார்வையற்ற பெரியவர்களுக்கான தேசிய நூலகச் சேவைக்கு வழி திறந்தது. 1934 முதல் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டில் பேசும் புத்தகங்கள் வந்தன. அத்தகைய இசைத்தட்டு பாட்டுச் சந்தையில் நிலைபெற்றது 1948க்குப் பிறகுதான். அந்தச் சேவையில் இன்றும் நூல்கள் தபாலில் இலவசமாகப் போய்வருகின்றன.

நம் ஊர் நூலகங்களிலும் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு உண்டு. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை உரிமையாளரின் அனுமதி இல்லாமலே ஆக்கவும், நாடுவிட்டு நாடு அனுப்பவும் வழிசெய்த 2013ஆம் ஆண்டு மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியாதான். 2016இல் தொடங்கிய ‘சுகம்ய புஸ்தகாலயா’ இணைய நூலகம் அத்தகைய நூல்களை இந்திய மொழிகளிலும் தருகிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு நூலைத் தேர்ந்தெடுக்கும்போதே, அது அங்கே கிடைக்கிறதா என்று வட்டத்தின் பொறுப்பாளர் பார்த்துவிடலாம்.