போத்தலுக்குள் ஒரு குச்சிப்பூச்சி

ஸ்பிரிங்வெளியில் ஒரு லயத்துக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஜாம் போத்தலைக் காட்டி அழுதாள். உள்ளே, பாதித் தோல் உரிந்த நிலையில் ஒரு குச்சிப்பூச்சி செத்துக் கிடந்தது. "இந்தச் சனியன வீசச் சொன்னா கேக்கமாட்டேங்குறா மிஸ்" என்றார் கொழுந்தெடுத்துத் திரும்பிய தாய்.

சனியனல்ல, இடம் போதாமல் செத்த உயிர் அது. குச்சிப்பூச்சி தலைகீழாகத் தொங்கித்தான் தோலுரிக்கும். அதன் நீளத்தைப்போல் மூன்று மடங்கு உயரமுள்ள, காற்றோட்டமான கூடு வேண்டும். பிடித்த செடியின் இலையையே புதிதாகப் போடவேண்டும். மருந்தடித்த இலை ஆகாது. மாலையில் சிறிது நீர் தெளித்தால் போதும்.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூர்ப் பக்கத்துக் குச்சிப்பூச்சி இனமொன்று 1901இல் விஞ்ஞானப் பெயர் பெற்றது. அதில் ஆண் மிக அரிது. பெண் தனியாகவே முட்டையிட்டுச் சந்ததி பெருக்கும். ஐரோப்பியப் பாடசாலைகளில் பிள்ளைகள் அதை வளர்த்துப் படிக்கிறார்கள்.

அடுத்த மாதம் போனபோது, வலைத்துணி கட்டிய உயரமான பெட்டியில் இன்னொரு பூச்சி. மலையிலிருந்து கொண்டுவந்தவர் அந்தத் தாயே! அடியில் விதைபோல் முட்டைகள்.

"கூட்டி வீசிராதீங்கம்மா."

"இல்லடி, எண்ணி வச்சிருக்கேன். பதினொண்ணு."

தாய்மாரே, பிள்ளையின் ஆர்வத்தையும் அப்படியே எண்ணி வையுங்கள்.