நெடுவழிக்கு நீர்

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே அமைந்த மூதூர் எங்கள் ஊர். ஆண்டுதோறும் வைகாசி, ஆனி மாதங்களிலே, கச்சான் காற்று அனலாய் வீசும் நாட்களில், எங்கள் தெருக்களின் வழியே சில யாத்திரிகர் நடந்து செல்வதைக் காணலாம். வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை கடந்து, மூதூர் வழியாக வெருகலுக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தைமலை ஆகிய இடங்களுக்கும் சென்று, இறுதியிலே காடு கடந்து கதிர்காமத்தை அடைபவர்கள் இவர்கள். போர்க்காலத்திலே தடைப்பட்டுப் பின்னர் மீண்டும் உயிர்பெற்ற யாத்திரை இது. ஒன்றரை மாதத்துக்கு மேற்பட்ட நடை. அவர்கள் வாசலில் வந்து நின்றால் எம்மவர் சமய வேறுபாடு பாராது முதலில் நீட்டுவது ஒரு செம்பு தண்ணீர்.

அந்தத் தண்ணீரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நெடுந்தூரம் நடப்பவனும் ஓடுபவனும் தனக்கு வேண்டிய நீரை எவ்வாறு எடுத்துச் செல்வது? கேட்பதற்கு இது மிகச் சிறிய கேள்வி. ஆயினும், 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கிழக்கு மாகாணத்துப் பாடசாலை ஒன்றின் மரதன் ஓட்டத்திற் கலந்துகொண்ட மாணவன் ஒருவன் உயிர்நீத்தான் என்ற செய்தியைக் கேட்ட நாள்முதல், அதிபர் என்ற முறையில் இக்கேள்வியை நான் சிறியதாக எண்ணுவதில்லை. அம்மரணத்தின் காரணத்தை ஆராய்வது மருத்துவரின் வேலை. வெயிலில் பிள்ளைகளை ஓடவிடும் நாம், வெயிலையும் நீரையும் பற்றி அறிந்திருக்கிறோமா என்று எம்மை நாமே கேட்டுக்கொள்வது எமது கடமை.

முதலில் உடல் நீரை இழக்கும் முறையைப் பார்ப்போம். ஓடும்போது தசைகள் பெரும் வெப்பத்தை உண்டாக்குகின்றன. அவ்வெப்பத்தை வெளியேற்ற உடலுக்குள்ள தலைசிறந்த வழி வியர்வை. ஒரு லீற்றர் வியர்வை தோலின்மீது முற்றாக ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. மண்பானையிலே கசியும் நீர் ஆவியாகிப் பானையைக் குளிர்விப்பதும் இதே நியதிப்படிதான். காற்றிலே ஈரம் மிகுந்துவிட்டால் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீழ்கிறது. நீர் வீணாகிறது, உடலோ குளிர்வதில்லை. கடலோரத்தில் வாழும் நமக்கு இது நன்கு தெரிந்த புழுக்கம். வெப்பநாளில் ஓடுபவர் மணிக்கு ஒரு லீற்றர் வியர்வையை இழப்பது சாதாரணம். சிலர் அதனினும் அதிகம் இழப்பர். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்களவு நீர் குறைந்தாலே, வெயிலில் நெடுநேரம் உழைக்கும் ஆற்றல் தளரத் தொடங்கும் என்பது உடலியலார் பொதுவாகக் கூறும் அளவு.

தமக்கு எவ்வளவு நீர் தேவை என்பதை எவரும் ஒரு தராசினால் அறியலாம். 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒரு மணிநேரம் ஓடி, இடையிலே அரை லீற்றர் நீர் குடித்து, முடிவில் 49.2 கிலோகிராம் நிற்கிறார் என்று கொள்வோம். குறைந்த எடை 0.8 கிலோகிராம். ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம் ஆதலால், குடித்த அரை லீற்றரையும் கூட்டினால், அவர் இழந்தது ஏறத்தாழ 1.3 லீற்றர். இக்கணக்கை அறிந்தவர் பிறர் சொல்லும் பொது அளவை நம்பி இராமல் தம் உடம்பின் அளவையே அறிந்தவராவார்.

நீரின் எடை ஒரு லீற்றருக்கு ஒரு கிலோகிராம் என்றேன். சிக்கல் முழுவதும் இதிலேதான் அடங்கியிருக்கிறது. உணவை உலர்த்திச் சுருக்கலாம், உடையைக் குறைக்கலாம். நீரை எவ்வாற்றானும் இலேசாக்க முடியாது. மிகுதியாகச் சுமந்தால் அச்சுமையே வியர்வையைப் பெருக்கும். குறைவாகச் சுமந்தால் தாகம் வருத்தும். ஆதலால், எந்தப் பாத்திரம் நல்லது என்று கேட்குமுன், அடுத்த நீர்நிலை எத்தனை மணிநேரத் தொலைவில் உள்ளது என்று கேட்க வேண்டும். தூரத்தைக் கட்டைக் கணக்கில் அளப்பதிலும் மணிக் கணக்கில் அளப்பதே இங்கே பொருந்தும். மணலிலே நடக்கும் ஒரு கிலோமீற்றரும் தார்ச்சாலையில் நடக்கும் ஒரு கிலோமீற்றரும் ஒன்றல்லவே!

இதற்கு எங்கள் ஊரோடு தொடர்புடைய ஒரு சரித்திரச் சான்று உண்டு. 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவுக்கு வந்த ஆங்கிலக் கப்பலைச் சேர்ந்த றொபேட் நொக்ஸ், கண்டி அரசனின் வீரரால் இப்பகுதியிற் பிடிபட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டிலே சிறைவாசியாய் இருந்தபின், 1679ஆம் ஆண்டில் ஒரு தோழருடன் தப்பி, அநுராதபுரம் வழியாக மேற்குக் கரையின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். ஆளரவமற்ற வறண்ட காட்டினூடே அவ்விருவரும் வழி தவறாது சென்றது எவ்வாறு? சிங்களத்தில் மல்வத்து ஓயா என்றும் தமிழில் அருவியாறு என்றும் வழங்கும் ஆற்றின் போக்கைத் தொடர்ந்தே அவர்கள் நடந்தனர். ஆறு வழியையும் காட்டியது, தாகத்தையும் தீர்த்தது. நீரைச் சுமப்பதிலும் நீருள்ள வழியைத் தெரிவதே முதல் அறிவு என்பதை இதிலிருந்து உணரலாம்.

எனினும், எல்லா வழிகளிலும் ஆறு துணை வருவதில்லை. கதிர்காம யாத்திரையில் உகந்தைமலைக்கு அப்பாற்பட்ட காட்டுப்பாதை அத்தகையது. குமண, யால வனங்களினூடாகப் பல நாள் செல்லும் அப்பாதையிலே குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்குமிடங்கள் வரும். இடையிலே மணலும் முட்செடியும் கடும் வெயிலும். ஆறு வற்றிய காலத்தில் அதன் மணலைத் தோண்டி ஊற்று நீரை எடுப்பர். அண்மை ஆண்டுகளில் தொண்டர்கள் ஆங்காங்கே நீர்த்தாங்கிகள் வைத்து உதவுகின்றனர். ஆயினும், ஒரு தங்குமிடத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே வேண்டிய நீரை ஒவ்வொருவரும் சுமந்தே தீரவேண்டும்.

2012ஆம் ஆண்டில் நானும் சில நண்பர்களுடன் அவ்வழியே நடந்தேன். ஐந்து லீற்றர் கொள்ளும் கலன் ஒன்றை ஒரு கையிலே தூக்கிச் சென்றேன். குமுக்கன் ஆற்றைக் கடந்து நாவலடியை நோக்கிச் செல்லும்போது தோள் பட்டை விண்விண்ணென்று வலித்தது. கையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். முற்பகலிலே, “இனி அதிக தூரம் இராது” என்று எண்ணிப் பாதி நீரை மணலிலே ஊற்றிவிட்டேன். பிற்பகலிலே நா வறண்டு, தலை சுற்றி, ஒரு மரநிழலிலே உட்கார்ந்துவிட்டேன். அப்போது எங்களோடு வந்த மூதாட்டி ஒருவர், “தம்பி, தண்ணியச் சுமக்கத் தெரியாட்டி தாகத்தைச் சுமக்கணும்” என்று கூறித் தமது போத்தலிலிருந்து எனக்கு வார்த்தார். அவர் இரண்டு ஒன்றரை லீற்றர்ப் போத்தல்களைத் துணியிலே சுற்றி, முதுகின் இரு புறமும் சமமாகத் தொங்கும்படி கட்டியிருந்தார். நான் கொண்டுவந்த நீர் அவருடையதிலும் அதிகம். நான் பிழைவிட்டது சுமந்த முறையிலே.

சுமக்கும் முறைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். கையிலே போத்தலைப் பிடித்து ஓடுவது எளிய முறை. குடிப்பதற்கு வசதி உண்டு. ஆனால் வீசும் கையின் நுனியில் உள்ள எடை தோளையும் மணிக்கட்டையும் சீக்கிரம் களைப்புறச் செய்யும். அரை லீற்றருக்கு மேல் இவ்வாறு கொண்டுசெல்வது நன்றன்று. இடுப்புப் பட்டியிலே சிறு போத்தல்களைச் செருகுவது அடுத்த முறை. எடை உடலின் நடுவே அமைவது இதன் நன்மை. பட்டி தளர்ந்தாற் குலுங்கும். இறுக்கினால் வயிற்றை அழுத்தும். ஒரு பெரிய போத்தலிலும் இரு புறமும் இரு சிறு போத்தல்கள் சமநிலைக்கு உகந்தவை.

முதுகிலே சுமக்கும் மென்மையான நீர்ப்பையும் அதிலிருந்து வாய்வரை வரும் குழாயும் இக்காலத்து நெடுந்தூர ஓட்டக்காரர் விரும்பும் சாதனம். இரண்டு லீற்றருக்கு மேற்பட்ட நீரை முள்ளந்தண்டை ஒட்டிச் சுமப்பதால் உடல் அதிகம் தள்ளாடுவதில்லை. பை சுருங்கும் தன்மையது. காற்றை வெளியேற்றிவிட்டால் நீர் அலைவதும் இல்லை. இரண்டு குறைகள் இதற்கு உண்டு. எஞ்சிய நீரின் அளவு கண்ணுக்குத் தெரியாது. பையையும் குழாயையும் கழுவி உலர்த்தாவிடில் பாசி பிடிக்கும்.

தலைச்சுமையையும் மறத்தலாகாது. கென்யா நாட்டுப் பெண்களை ஆராய்ந்த அறிஞர்கள், தம் உடல் எடையில் ஐந்திலொரு பங்குவரை தலையிற் சுமந்து நடக்கும்போது அவர்களுக்கு மேலதிகச் சக்தி செலவாகவில்லை என்று 1986ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நம் தாய்மார் குடத்தைத் தலையிலும் இடுப்பிலும் தாங்கிய பழக்கத்தை எண்ணிப் பார்க்க இது தூண்டுகிறது. ஆனால், இளமைமுதல் பழகிய நடைக்கே அது பொருந்தும், ஓட்டத்துக்கு ஆகாது.

பாத்திரத்தின் பொருளையும் கவனிக்க வேண்டும். சுரைக்குடுவை இலேசானது, ஆனால் உடையக்கூடியது. மூடி திருகும் பித்தளைக் கூஜா உறுதியானது, ஆயினும் பாரமானது. புளித்த மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் பித்தளையிலோ செம்பிலோ நெடுநேரம் வைத்தல் கூடாது. போர்வீரரின் உலோகக் குடுவைக்குக் கம்பளி உறை இட்டு அதை நனைத்து வைத்தால் மண்பானையைப் போலவே உள்நீர் குளிரும். பிளாஸ்ரிக் போத்தல் இலேசும் மலிவும் உடையது. எறியப்பட்டபின் அது வனத்துக்கும் விலங்குக்கும் கேடாகிறது. கொண்டுசென்ற போத்தலை ஊருக்குத் திரும்பக் கொண்டுவரும் உறுதி இல்லாதவர் அதை எடுத்துச் செல்லாதிருப்பதே தருமம்.

இனி, குடிக்கும் அளவு. நீர் குடியாமலே ஓடுவது வீரம் என்று ஒரு காலத்திற் கருதினர். 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மரதனிலே கடும் வெயில், புழுதிச்சாலை. வழியில் நீர் மிகச் சில இடங்களிலேயே கிடைத்தது. ஓடத் தொடங்கியவர் 32 பேர். முடித்தவர் 14 பேர் மட்டுமே. பிற்காலத்திலே இதற்கு நேர்மாறாக, தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கொள்கை பரவியது. 2002ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதனில் 488 ஓட்டக்காரரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்கு இரத்தத்தில் உப்பின் அளவு இயல்பிலும் குறைந்திருந்தது. அளவுக்கு மிஞ்சி நீர் குடித்தமை இதற்கு முக்கிய காரணமாகக் காணப்பட்டது. எனவே, தாகத்தை அடக்கவும் வேண்டாம், தாகத்தை மிஞ்சிக் குடிக்கவும் வேண்டாம்.

பல மணிநேரம் வியர்ப்பவருக்கு நீரோடு உப்பும் வேண்டும். கஞ்சியிலும் மோரிலும் உப்பிட்டுக் குடித்த நம் வயல் உழைப்பாளர் இதை அனுபவத்தால் அறிந்தவர்கள். இலங்கையில் ‘ஜீவனி’ என்ற பெயரிற் கிடைக்கும் உயிர்காக்கும் உப்புத்தூளை உறையிற் கூறிய அளவு நீரிலே கரைத்துக் குடிக்கலாம். அது கிடையாவிடில், ஒரு லீற்றர் சுத்த நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் அவசரத்துக்கு உதவும். உப்பை அதிகரித்தல் ஆபத்து. காட்டு நீரையோ குளத்து நீரையோ துணியால் வடித்து, கொதிக்க வைத்தே போத்தலில் நிரப்ப வேண்டும். வடித்தால் மட்டும் கிருமி நீங்காது.

நடப்பவருக்குரிய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நடப்பவர் மணிக்கு அரை லீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து மணிநேர வழிக்கு இரண்டரை லீற்றர் வேண்டும். அதனோடு அரை லீற்றரை எவருக்கும் தெரியாத காவலாக வைத்திருக்க வேண்டும். வழி தவறினாலும் தோழர் ஒருவர் தளர்ந்தாலும் அந்த அரை லீற்றரே கைகொடுக்கும். எனக்குக் கைகொடுத்தது அந்த மூதாட்டியின் அரை லீற்றர் அன்றோ!

பாடசாலைப் பிள்ளைகளின் ஓட்டத்துக்கு மேற்கூறிய சாதனங்கள் எவையும் வேண்டியதில்லை. ஐந்து, பத்துக் கிலோமீற்றர் ஓடும் பிள்ளை நீரைச் சுமக்கலாகாது. நாமே வழியிற் கொண்டுபோய் வைத்திருத்தல் வேண்டும். எங்கள் பாடசாலையிலே மரதன் ஓட்டத்தை இப்போது காலை ஆறு மணிக்கே தொடங்குகிறோம். இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு மேசை, மேசைக்கு ஓர் ஆசிரியர், குடிக்கவும் தலையிலே ஊற்றவும் போதிய நீர். காய்ச்சலோ வயிற்றோட்டமோ உள்ள பிள்ளையை ஓட விடுவதில்லை. ஓட்டத்திலே ஒரு பிள்ளை தள்ளாடினாலோ, பொருத்தமின்றிப் பேசினாலோ, அவன் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட வேண்டும் என்பது ஆசிரியருக்கு இட்ட கட்டளை. அத்தகைய பிள்ளையை உடனே நிழலிற் கிடத்தி, உடல் முழுவதையும் நீரால் நனைத்து, விசிறி, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மயங்கியவனின் வாயில் நீரை ஊற்றுவது கூடாது.

சென்ற முறை ஒரு மாணவன் கடைசி மேசையிலே நின்று நீர் குடித்ததால் மூன்றாம் இடத்தை இழந்தான். “குடிக்காமல் ஓடியிருந்தால் வென்றிருப்பேன், சேர்” என்று வருந்தினான். “வென்றிருக்கலாம் தம்பி, ஆனால் நீ வீடு போய்ச் சேர்வதே எனக்கு முதற்பரிசு” என்றேன். அவன் முகம் முழுவதும் தெளிந்ததென்று சொல்ல மாட்டேன். ஆயினும், அடுத்த ஆண்டுக்கான பயிற்சிக்கு அவன் கையிலே ஒரு சிறு போத்தலுடன் வருவதைக் காண்கிறேன்.

நேயர்களே, இந்த வெயிற்காலத்திலே உங்கள் வாசலைக் கடந்து எவரேனும் நடந்து சென்றால், அவர் கேட்குமுன் ஒரு செம்பு நீர் கொடுங்கள். அவர் சுமந்துவரும் போத்தலையும் நிரப்பி அனுப்புங்கள்.